ரசவாதக் கண்காட்சியோடு நடக்கும் உரை, செய்முறை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் போக வேண்டுமா? அதெல்லாம் குழந்தைகளுக்கான வேடிக்கைதானே?

அந்த வேடிக்கையைக் காட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். அதனால் கேள்வியைப் படித்ததும் சுருக்கென்று இருந்தது. நீங்கள் ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் டிக்கெட் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கண்காட்சிக்குக் கீழே உரை, பட்டறை, குடும்ப நாள் என்று வரிசையாகப் போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதாதா என்று தோன்றியிருக்கும். மற்ற கண்காட்சிகளுக்கு ஒருவேளை போதும். ரசவாதத்துக்கு, அதாவது மற்ற உலோகங்களைத் தங்கமாக்கப் பார்த்த அந்தப் பழைய கலைக்கு, போதாது.

நான் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் முலாம் பூசும் ஆலை ஒன்றில் வேதியியலாளன். 2016 அக்டோபரிலிருந்து 2017 பிப்ரவரி வரை இங்கே கெட்டி மையம் என்கிற அருங்காட்சியக வளாகத்தில் ரசவாதக் கலையைப் பற்றி டேவிட் பிராஃப்மன் தொகுத்த கண்காட்சி நடந்தது. ரசவாதத்தைப் படங்களாகச் சொல்லும் ரிப்ளி சுருள் என்று ஒன்று வைத்திருந்தார்கள். தேரை, டிராகன், குடுவையைப் பிடித்திருக்கும் முக்காடு போட்ட ஆள், தன் சிறகைத் தானே தின்னும் பறவை என்று நீளமாக ஓடும் படம். பார்க்க அற்புதம். ஆனால் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் "இதற்கும் தங்கத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கண்ணாடிப் பெட்டியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதே வளாகத்தில், அதே சமயத்தில், இடைக்கால ஓவியச் சுவடிகளின் வண்ணங்களுக்கென்று தனியாக ஒரு சிறிய கண்காட்சி. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. ஏட்டில் நெருப்பு மாதிரி எரிகிற அந்தச் சிவப்பு, பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. நம் சித்த வைத்தியர்கள் ரசம், கந்தகம் என்று சொல்லும் அதே இரண்டுதான். முதலில் கிடைப்பது கன்னங்கரேலென்று ஒரு பொருள். அதைச் சூடேற்றி ஆவியாக்கிப் படியவைத்து, சுரண்டி எடுத்து, அரைக்க அரைக்கத்தான் சிவப்பு மேலே வரும். வெள்ளி மாதிரி ஓடுவதும் மஞ்சள் தூளும் சேர்ந்து கறுப்பாகி, கறுப்பு சிவப்பாவதைக் கண்ணால் பார்த்தவன், அடுத்து ஈயம் தங்கமாகும் என்று நம்பியதில் என்ன முட்டாள்தனம்? சுவரில் மாட்டிய குறிப்பைப் படித்து இது உறைக்காது. மாறுவதைப் பார்க்க வேண்டும். (பாதரசத்தைப் பொதுமக்கள் முன்னால் யாரும் காய்ச்சமாட்டார்கள், காய்ச்சவும் கூடாது. அதைச் சொல்லிவிடுகிறேன்.)

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்று பிறகு இதே மாதிரி பழைய வேதியியல் கண்காட்சி வைத்தபோது, செய்முறை மேசைக்குத் தன்னார்வலர் கேட்டார்கள். போய் நின்றேன். நான் செய்து காட்டுவது 'தங்கக் காசு'. அமெரிக்கச் செம்புக் காசு ஒன்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துத்தநாகத் தூளும் துத்தநாக சல்பேட் கரைசலும் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுச் சூடேற்றுவேன். சிறிது நேரத்தில் காசு வெள்ளி நிறமாகிவிடும். கழுவித் துடைத்து, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினால், ஓரத்திலிருந்து உள்ளே ஒரு மஞ்சள் பரவும். ஓரிரு விநாடிதான். கண் சிமிட்டினால் போச்சு. மேலே படிந்த துத்தநாகம் செம்புக்குள் ஊறிப் பித்தளையாகிறது, அவ்வளவுதான். 1982-க்கு முந்தைய காசாக இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு வந்தவை துத்தநாகத்தின் மேல் செம்பு பூசியவை. சுடரில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் உள்ளே இருப்பது உருகிச் சொட்டும்.

காசைக் கெடுப்பது சட்டவிரோதம் இல்லையா என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வருவார், எப்போதும் வருவார். உலோகத்துக்காக உருக்குவதற்கும், ஏமாற்றுவதற்காக மாற்றுவதற்கும் தடை உண்டு. கல்விக்காகச் செய்வதற்கு விலக்கு உண்டு.

ஒரு முறை கூட்டத்தில் நம்மூர்ப் பெரியவர் ஒருவர், மகன் வீட்டுக்கு வந்திருந்தவர், கடைசிவரை நின்றார். மற்றவர்கள் கலைந்ததும் தமிழில் கேட்டார்: "தம்பி, இதைக் கொண்டுபோய் உரசிப் பார்த்தா தெரிஞ்சிடுமில்ல?" தெரிந்துவிடும் ஐயா, பித்தளை என்றேன். தன் ஊரில் ஒரு சாமியார் செம்பைத் தங்கமாக்கிக் காட்டியதையும், ஒரு குடும்பம் நிலத்தை விற்றுக் கொடுத்ததையும் சொன்னார். எப்படிக் காட்டினார் என்று கேட்டேன். ஒரு கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தாராம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. 1722-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஜெஃப்ராய் என்கிற வேதியியலாளர் ரசவாத மோசடிகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை படித்தார். இரட்டை அடி வைத்த மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்), உள்ளே பொன்தூளை அடைத்த கிளறுகோல் எல்லாம் அதில் இருக்கிறது. கம்பி அதே கம்பிதான். இதை அவருக்குச் சொன்னபோது, "அப்ப வெள்ளைக்காரனும் ஏமாந்திருக்கான்" என்று அவர் முகத்தில் ஒரு திருப்தி. நானும் அவரும் பேசிய அந்தப் பேச்சு எந்தக் காட்சிப் பெட்டியிலும் கிடைக்காது என்பதுதான் என் கட்சி.

சித்தர்களைக் கேலி செய்கிறான் என்று கிளம்பாதீர்கள். மோசடிக்காரன் வேறு, உலைக்கு முன்னால் ஆயுள் முழுக்க உட்கார்ந்தவன் வேறு. நியூட்டன் ரசவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் 1669-இல் சிறுநீரைக் காய்ச்சிப் பொன் தேடப்போய், இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸைக் கண்டுபிடித்தார். அதே சமயம், சித்தர்கள் நிஜமாகவே தங்கம் செய்தார்கள் என்று என்னைச் சொல்லவைக்கவும் முடியாது.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே காசு விளக்கத்தைத் தமிழில் செய்கிறேன் என்று எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றின் பொங்கல் விழாவுக்குக் கேட்டேன். மேடையில் இடமில்லை என்றார்கள். சரி, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையாவது கொடுங்கள் என்றேன். தீயணைப்பு விதி என்றார்கள். அன்றைக்கு மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடிய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன, நடுவில் புகை இயந்திரம் வேறு. புகைக்கு விதி கிடையாது போலிருக்கிறது. எனக்கு ஆட்டத்தின் மேல் கோபமில்லை, என் மகளும் அதில் ஆடினாள். ஆனால் நன்கொடை கேட்கும்போது மட்டும் "நம் குழந்தைகளுக்குத் தமிழர் அறிவியல் தெரிய வேண்டாமா" என்று பேசுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். முதலில் செய்முறைக்குப் போய்விட்டு, அப்புறம் கண்காட்சிக்குள் போங்கள். படங்களில் வரும் குடுவை, உலை, நிறம் மாறும் பறவைகள் எல்லாம் அப்போதுதான் பிடிபடும். உரையென்றால் கேள்வி நேரம் வரை இருங்கள். இருக்கை குறைவு, இலவசமென்றாலும் முன்பதிவு கேட்பார்கள். குழந்தை இல்லாமல் தனியாகப் போய் முன்வரிசையில் நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், போட்டுக்கொள்ளுங்கள்.