நீண்டகால விசாவில் போகிறவருக்குத் திரும்பும் டிக்கெட் அவசியமா?

கேள்வி: எனக்கு வயது 64, மனைவிக்கு 60. ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்க முடிவுசெய்து, இருவருக்கும் ஓ-ஏ எனப்படும் நீண்டகாலத் தங்கல் விசா வாங்கிவிட்டோம். எப்போது திரும்புவோம் என்று தெரியாததால் ஒருவழி டிக்கெட் மட்டும் எடுக்க நினைக்கிறோம். எங்கள் டிராவல் ஏஜென்ட், "திரும்பும் டிக்கெட் இல்லாமல் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். தனியாகக் கொஞ்சம் பணம் கொடுங்கள், காட்டுவதற்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் விசாவுக்குத் திரும்பும் டிக்கெட் ஒரு நிபந்தனையே அல்ல. 50 வயது தாண்டியவர்களுக்கென்றே உள்ள விசா இது. வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், மருத்துவக் காப்பீடு, மருத்துவச் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வருடம் இருக்கலாம் என்று அந்த நாடே சொன்ன பிறகுதான் போகிறீர்கள். திரும்பும் டிக்கெட் கேட்பதெல்லாம் விசா இல்லாமலோ சுற்றுலாவாகவோ போகிறவரிடம்தான். அவர் குறித்த நாளில் கிளம்பிவிடுவார் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. உங்களுக்கு அந்தக் கேள்வியே எழக்கூடாது.

ஆனாலும் எழும். எழுப்புவது பாங்காக்கில் இருக்கும் குடிவரவு அதிகாரி அல்ல, நீங்கள் புறப்படும் ஊரில் செக்-இன் கவுன்ட்டரில் இருக்கும் விமான நிறுவன ஊழியர். நுழைவு மறுக்கப்பட்ட பயணியை ஏற்றி வந்த நிறுவனமே திருப்பி அழைத்துப்போக வேண்டும். பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் அவர்கள், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் டிமாட்டிக் என்ற, ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதிகளும் உள்ள தகவல் தொகுப்பைப் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் தருகிறார்கள். அதில் பயணி எதற்காகப் போகிறார், என்ன விசா என்பதைச் சரியாகக் கொடுத்தால்தான் சரியான பதில் வரும். ஊழியர் அவசரத்தில் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று எடுத்துக்கொண்டால் 'திரும்பும் டிக்கெட் தேவை' என்று திரையில் வந்து நிற்கும். ஆகவே பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்காதீர்கள். "ஓ-ஏ நீண்டகால விசா, சுற்றுலா இல்லை" என்று முதலிலேயே சொல்லுங்கள். 2025 ஜனவரி முதல் தாய்லாந்து விசா மின்விசாவாகிவிட்டது. எனவே அதைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒரு வருட விசா வைத்திருப்பவர் ஒரு குமாஸ்தாவுக்குத் தன் விசாவை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. எத்தனை வருடமாகச் சொல்லியும் இது மாறவில்லை.

டிக்கெட் எடுக்கும் முன் இன்னொரு வேலை. விமான நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, விசா வகையைக் குறிப்பிட்டு, ஒருவழி டிக்கெட்டில் ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். வரும் பதிலையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்ன "சரி சார்" கவுன்ட்டரில் செல்லாது.

இனி உங்கள் ஏஜென்ட் சொன்ன 'காட்டுவதற்கு மட்டும்' டிக்கெட். இதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. ஆறு எழுத்து பி.என்.ஆர். என்பது முன்பதிவு மட்டுமே. பணம் கட்டி வழங்கப்பட்ட டிக்கெட் என்றால் 13 இலக்க எண் ஒன்று இருக்கும், அதன் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. சில சிறு கட்டண நிறுவனங்கள் இந்த எண்ணைத் தருவதில்லை என்பது உண்மை. ஆனால் ஏஜென்டுகள் விற்கும் டம்மியில் பெரும்பாலும் இருப்பது பணம் கட்டாமல் பிடித்துவைத்த வெறும் பி.என்.ஆர்.தான். ஓரிரு நாளில் தானாக ரத்தாகிவிடும். நீங்கள் கவுன்ட்டருக்குப் போய் நிற்கும்போது தாளில் டிக்கெட் இருக்கும், அவர்கள் கணினியில் இருக்காது. இன்னும் துணிந்த சிலர் பழைய டிக்கெட்டில் பெயரையும் தேதியையும் மாற்றி அச்சடித்தே கொடுக்கிறார்கள். மாட்டினால் போலி ஆவணம் காட்டியவர் நீங்கள், ஏஜென்ட் அல்ல. சட்டப்படி எல்லாம் சரியாக வைத்திருக்கும் ஒருவர், தேவையே இல்லாத ஒரு பொய்த்தாளால் சிக்கிக்கொள்வதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

பயம் போகவில்லை என்றால் உண்மையான டிக்கெட்டாகவே எடுங்கள். 'திரும்பும்' டிக்கெட்டாகக்கூட இருக்க வேண்டாம். தாய்லாந்தை விட்டு வெளியேறுவதைக் காட்டினால் போதும், பாங்காக்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு சிறு கட்டண டிக்கெட் அந்த வேலையைச் செய்யும். முழுப்பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் எடுப்பதானால் உங்கள் சொந்த அட்டையில், நிறுவனத்தின் தளத்தில் எடுங்கள். ஏஜென்ட் தன் கணக்கில் எடுத்தால் பணம் திரும்ப வருவதும் அவர் கணக்குக்குத்தான். அப்புறம் அவர் பின்னால் அலைய வேண்டியதுதான். சில சமயம் ஒருவழியைவிடப் போய்வரும் டிக்கெட் மலிவாக இருக்கும். அப்படியானால் தாராளமாக அதையே எடுங்கள். ஆனால் இருக்கைகள் சுமார் 11 மாதம் முன்புதான் விற்பனைக்கு வரும், ஒரு வருடம் கழித்த தேதி கிடைக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். இப்போது இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் உங்களைப் பிடிக்கப்போவது அதுதான். விசாவின் ஆயுள் வேறு, தங்கும் அனுமதியின் ஆயுள் வேறு. ஓ-ஏ விசா ஒரு வருடம் செல்லும். அந்த வருடத்துக்குள் எத்தனை முறை போய்வந்தாலும், ஒவ்வொரு நுழைவிலும், மருத்துவக் காப்பீடு செல்லும் காலத்துக்கு உட்பட்டு, அதிகபட்சம் ஒரு வருடம் தங்க முத்திரை கிடைக்கும். ஆகவே விசா முடிந்த பிறகும் தங்கும் அனுமதி மீதமிருக்கலாம். அந்த நிலையில் பேரன் பிறந்தான் என்று நீங்கள் கிளம்பி வந்தால், விமானம் ஏறும்போதே மீதி அனுமதி அழிந்துவிடும். அப்புறம் சுற்றுலாப் பயணியாகத்தான் திரும்பிப் போக முடியும், திரும்பும் டிக்கெட் கேள்வியும் உண்மையாகவே எழும். அழியாமல் இருக்க, கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். அது நாட்களைக் கூட்டாது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

நான் ஆலோசனை சொன்ன ஒரு தம்பதி இந்த பெர்மிட்டைச் சரியாக வாங்கியிருந்தார்கள். அது விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தந்த காலம். திரும்பிப் போகும்போது கவுன்ட்டர் ஊழியர் விசா ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்தார், தேதி மூன்று வாரம் முன்பே முடிந்திருந்தது. "விசா இல்லை, சுற்றுலாவாகத்தான் போக முடியும், திரும்பும் டிக்கெட் காட்டுங்கள்" என்றார். நாலு பக்கம் தள்ளி பெர்மிட் முத்திரை இருந்தது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, அந்த அம்மாவுக்கும் பதற்றத்தில் காட்டத் தோன்றவில்லை. அங்கேயே, அன்றைய விலைக்கு, இரண்டு திரும்பும் டிக்கெட் வாங்கித்தான் ஏறினார்கள். நீங்கள் தங்கும் அனுமதி முத்திரை உள்ள பக்கத்திலும் பெர்மிட் பக்கத்திலும் ஆளுக்கொரு ஒட்டுத்தாள் ஒட்டி வையுங்கள். கேட்டவுடன் அந்தப் பக்கம் திறக்க வேண்டும்.

கடைசியாக, 2025 மே முதல் தாய்லாந்து போகிறவர்கள் மின்னணு வருகை அட்டையைத் தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். உங்கள் ஏஜென்ட் அதற்கும் ஒரு தொகை சொல்வார், கொடுக்காதீர்கள்.