லிங்கனின் கட்சி எந்த ஆண்டில் மாறியது?

கேள்வி: அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சியைக் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் இன்று ஆதரிப்பதில்லை. இரு கட்சிகளும் கொள்கைகளை இடம் மாற்றிக்கொண்டதே காரணம் என்கிறார்கள். அது எந்த ஆண்டில் நடந்தது?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அப்படி ஓர் ஆண்டு கிடையாது; இடம் மாற்றிக்கொண்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். தொழிலதிபர்களுக்கு அணுக்கமான கட்சி என்ற பெயரைக் குடியரசுக் கட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெற்றுவிட்டது. கடனில் தவித்த உழவர்களுக்காகப் பேசிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை 1896-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக்கியது. மாறியது முதன்மையாக இன உரிமை பற்றிய நிலைப்பாடு.

கறுப்பின வாக்காளர்களே முதலில் நகர்ந்தார்கள். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நிவாரணத் திட்டங்கள், எத்தனையோ பாகுபாடுகளுடன்தான் என்றாலும், வட மாநில நகரங்களில் வாழ்ந்த அவர்களை எட்டியதால், 1936-இல் அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தனர். தெற்கின் நிறவெறித் தலைவர்களும் அதே கட்சியில்தான் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வேட்பாளரை மேலிடம் அல்லாமல் அந்தந்த மாநில வாக்காளர்களே முதற்கட்டத் தேர்தலில் தேர்ந்தெடுத்ததால், இந்தத் தென் தலைவர்களை வெளியேற்றக் கட்சித் தலைமைக்கு வழியில்லை. படையில் இனப் பாகுபாட்டை ஒழிக்க ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமன் ஆணையிட்ட 1948-இல், அவர்களில் ஒரு பகுதியினர் ஸ்ட்ராம் தர்மண்டை வேட்பாளராக்கித் தனித்து நின்று நான்கு தென் மாநிலங்களை வென்றார்கள்.

1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தைச் செனட்டில் எதிர்த்து வாக்களித்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த டர்க்சன் கைகொடுத்திராவிட்டால் அது நிறைவேறியிருக்காது. ஆனால் அதில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஜான்சன். அதை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டரோ அவ்வாண்டே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்றவை ‘ஆழ்தெற்கு’ எனப்படும் தென்கோடிப் பகுதியின் ஐந்து மாநிலங்களே. தர்மண்டும் அவ்வாண்டே குடியரசுக் கட்சிக்கு மாறினார்.

இந்த வரலாற்றை இரு தரப்பும் தமக்கு வசதியாக நறுக்கிக்கொள்கின்றன: குடியரசுக் கட்சியினர் லிங்கனை மட்டும் நினைவுகூர்ந்து கோல்ட்வாட்டரைத் தாண்டிச் செல்கிறார்கள், ஜனநாயகக் கட்சியினர் எல்லாம் இடம் மாறிவிட்டதாகச் சொல்லிப் பழைய பழியை எதிர்த்தரப்பின் தலையில் இறக்குகிறார்கள். தென் மாநில வெள்ளையரோ அதிபர் தேர்தலில் மாறிய பிறகும், பழகிய உள்ளூர் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களையே நெடுங்காலம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பி வந்தார்கள். தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் பெரும்பான்மை குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தது 1994 தேர்தலில்தான்.