சுங்கானின் ரேகையும் வடிவமும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. ஆயினும் மிலானில் பணியாற்றும் என் தம்பி, என் எழுதுமேசையில் வைத்துக்கொள்ள இத்தாலியக் கைவினைச் சுங்கான் (புகையிலை புகைக்கும் ‘பைப்’) ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்லி, இரண்டு சுங்கான்களின் படங்களை அனுப்பியிருக்கிறான். ஒன்று வழவழப்பான ‘பில்லியர்ட்’ வடிவம். புகையிலை இடும் கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புவரை மரத்தின் ரேகைகள் நேராக ஏறுகின்றன. மற்றொன்று காஸ்தெல்லோ நிறுவனத்தின் ‘ஸீ ராக்’ வகையைச் சேர்ந்த ‘புல்டாக்’. கறுப்பாகவும் மேலெல்லாம் கொத்திவிட்டதுபோலச் சொரசொரப்பாகவும் இருக்கிறது. முதலாவதன் விலை மிக அதிகம். ரேகை நேராக ஓடுவதற்காகவா இவ்வளவு விலை? சொரசொரப்பு என்பது மரத்தின் குறையை மறைக்கும் உத்தி என்கிறான் தம்பி. இவற்றை எப்படிப் பார்த்து மதிப்பிடுவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை விளங்கிக்கொள்ள மரத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இந்தச் சுங்கான்கள் பிரையர் எனப்படும் மரத்தால் ஆனவை. இத்தாலியின் கலாப்ரியா, தஸ்கனி, லிகூரியா, சார்டினியா ஆகிய பகுதிகளின் சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரத்தில், தண்டுக்கும் வேருக்கும் இடையே மண்ணை ஒட்டித் திரளும் முண்டு அது. காட்டுத்தீயில் மேலே உள்ள கிளைகள் கருகிப்போனாலும் செடி மறுபடியும் தளிர்ப்பது இந்த முண்டிலிருந்துதான். தோண்டியெடுத்த முண்டுகளை வெடிக்காதபடி ஈரத்திலேயே வைத்திருந்து, அறுத்து, பல மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துத் துவர்ப்பை நீக்கி, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், உலர்த்திய பிறகே அவை பட்டறைக்கு வருகின்றன.

முண்டின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி நார்கள் விசிறியாக விரிகின்றன. கரும்பைப் பிளந்தால் நார் கோடாகவும் குறுக்கே வெட்டினால் புள்ளியாகவும் தெரிவது போலத்தான் இங்கும். கிண்ணத்தின் பக்கங்களில் ரேகைகள் நேராக ஏறினால், அதன் அடியிலும் மேல்விளிம்பிலும் அதே நார்களின் முனைகள் சிறு வட்டங்களாகத் தெரிந்தாக வேண்டும். மாறாக, கட்டையைத் திருப்பி வைத்து, நார்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே ஓடும்படி வடித்தால், வட்டங்கள் இரு பக்கங்களிலும், கோடுகள் முன்னும் பின்னும் அமையும். இத்தாலியர்கள் அந்த வட்டங்களைக் கௌதாரிக் கண் என்றும், விரிந்தேறும் கோடுகளைச் சுடர் என்றும் அழைக்கிறார்கள். எனவே ரேகையை மட்டும் தனியாகப் பார்த்துப் பயனில்லை. இந்தக் கட்டைக்குள் இந்த வடிவத்தை எந்தத் திசையில் வைப்பது என்று கைவினைஞர் எடுத்த முடிவைத்தான் நாம் பார்க்கிறோம்.

நார்கள் விசிறியாக விரிவதால், மேல்நோக்கி அகலும் ‘டப்ளின்’ போன்ற கூம்பு வடிவக் கிண்ணம் அவற்றுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சுவரும் நாரும் ஒரே சாய்வில் செல்கின்றன. பில்லியர்ட் அப்படியன்று. அதன் சுவர்கள் ஏறத்தாழச் செங்குத்தானவை என்பதால், விரியும் நார்கள் எங்கேனும் ஓரிடத்தில் வெட்டுப்பட்டு விலகிப்போகும். சுற்றிலும் நேர்ரேகை அமைந்த பில்லியர்டுக்கு அதிக விலை சொல்வதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம் மண். முண்டு வளரும்போதே மண்ணையும் சிறு கற்களையும் உள்வாங்கிக்கொள்வதால், பாதி வடித்த பிறகு திடீரென ஒரு குழி வெளிப்படுவது பட்டறைகளில் அன்றாட நிகழ்ச்சி. ஆக, நீங்கள் கொடுக்கும் பணம் அரிதாகக் கிடைப்பதற்கான விலை. அழகுக்கான விலை அதுவே என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிண்ணத்திலிருந்து நீளும் கழுத்து தடித்து, கிண்ணம் முன்புறம் சரிந்து நிற்கும் ஒரு சுங்கானை எத்தனை நேர்ரேகையாலும் காப்பாற்ற முடியாது.

இனி ஸீ ராக். 1947-இல் கார்லோ ஸ்கோத்தி கான்தூ நகரில் காஸ்தெல்லோவைத் தொடங்கினார். மரச்சாமான்களுக்கும் பின்னல் சரிகைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. மேற்பரப்பில் குழி தென்பட்ட கட்டைகளைக் கொத்திச் சொரசொரப்பாக்கி விற்பது சுங்கான் தொழிலில் பரவலான வழக்கம்தான். தம்பி சொல்லும் பாதி உண்மை இதுவே. ஆனால் காஸ்தெல்லோவில் அந்தக் கொத்துவேலை தனக்கென ஒரு முகம் கொண்டது. கைக்கருவியால் நெருக்கமாகக் கிள்ளியெடுத்த பள்ளங்களும் அவற்றுக்கிடையே மெருகேறிய மேடுகளுமாக, கண்ணுக்கு முன்பே விரலுக்கு இன்பம் தரும் பரப்பு அது.

அதே நிறுவனத்தின் ‘ஓல்ட் ஆன்டிக்வாரி’ வகையையும் வாய்ப்பிருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். அது கொத்தியதன்று, மணல் வீசி அரித்தது. மென்மையான பகுதி அரிக்கப்பட்டுக் கடினமான வளர்ச்சி வளையங்கள் மேலெழுந்து நிற்கும். நார் செங்குத்தாக நிற்கும் கட்டையில் இவ்வளையங்கள் கிண்ணத்தைச் சுற்றிக் கிடைமட்ட வரிசைகளாக அமைகின்றன. வழவழப்பான சுங்கானில் நாரைப் பார்க்கிறோம் என்றால், இதில் மரத்தின் ஆண்டுகளைப் பார்க்கிறோம். எனக்கு இதுவே மேலானதாகப் படுகிறது.

வடிவத்தைப் பொறுத்தவரை, இத்தாலியர்கள் ஆங்கிலேய மரபு வடிவங்களையே எடுத்துக்கொண்டு அவற்றுக்குச் சதைபோட்டார்கள். 1876-இல் மிலானில் ஒரு கடையாகத் தொடங்கிய சவினெல்லி நிறுவனத்தின் 320 என்னும் எண்ணுள்ள வடிவம், குள்ளமாகவும் உருண்டையாகவும் உள்ளங்கையை நிறைப்பது. கிழக்குக் கடற்கரையில் உள்ள பேசரோ நகரத்தின் போக்கு வேறு. ஜான்கார்லோ குய்தி 1972-இல் மாஸ்த்ரோ தெ பாயாவையும் 1982-இல் செர் யாகோப்போவையும் நிறுவனங்களாக உருவாக்கினார். அங்கே விளையாட்டும் அலங்காரமும் கூடுதல். சில இடங்களில் அளவுக்கு மீறிய அலங்காரம் என்றே சொல்வேன்.

தம்பி காட்டிய ஸீ ராக் ஒரு புல்டாக் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் கழுத்து சாய்சதுர வெட்டுடையது. கிண்ணத்தின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு விளிம்பும் அதையொட்டி மெல்லிய இரட்டைக் கோடுகளும் ஓடும். சொரசொரப்பான பரப்பில் இந்த விளிம்பு மழுங்காமல் நிற்கவேண்டும். கழுத்தின் மேல்முனைக் கோடு வாய்ப்பகுதியின் மீது முறியாமல் தொடரவேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால், வழவழப்பான பில்லியர்டை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்ளலாம். மேசையில் வைப்பதற்குத்தான் என்கிறீர்கள், நல்லது; அப்படியே இருக்கட்டும்.

பில்லியர்டின் மீதே மனம் நிற்கிறதென்றால், பணம் கொடுக்கும் முன் அடிப்பகுதியையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் சிறந்த பக்கத்தை மட்டுமே காட்டுவார்கள். அடியில் கௌதாரிக் கண்கள் ஒரே சீராக நிறைந்திருந்தால் பக்கத்து ரேகைகளை நம்பலாம். அங்கே கோடுகள் சாய்வாக ஓடினால், மறுபக்கத்தில் ரேகை எங்கோ திசைமாறியிருக்கிறது.