செம்பு விலை ஏறுது, வயரை வாங்கி அடுக்கலாமோ?

நான் கிளிநொச்சிப் பக்கம் வயரிங் செய்யிறன், எரிஞ்ச மோட்டரும் சுத்திக் குடுக்கிறன். செம்பு விலை ஏறினதில இருந்து ஃபோனிலயும் கடை வாசலிலயும் ஒரே கேள்வி. கேட்ட ஆக்களுக்கு எல்லாம் சேர்த்து எழுதுறன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அண்ணை, 2022இல வயர் வைச்சிருந்த ஆக்கள் நல்லா உழைச்சவை. எனக்குச் சீட்டுக் காசு கொஞ்சம் வந்திருக்கு. பத்து ரோல் வாங்கிப் போட்டா ரெண்டு வருசத்தால லாபம் வருமோ?

பதில்: தம்பி, சீட்டுக் காசை வயரில போடாதேங்கோ. 2022 மார்ச்சில செம்பு லண்டன் சந்தையில தொன் 10,000 டொலர் தாண்டி நிண்டது, ஜூலையில 7,000க்குக் கிட்ட விழுந்திட்டுது. ஆனா இஞ்ச வயர் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஏன் எண்டா 200 ரூபாவா இருந்த டொலர் 360க்குப் போனது, சாமானும் ஒழுங்கா வரேல்ல. அப்ப வயர் வைச்சிருந்தவைக்கு லாபம் தந்தது செம்பு இல்லை, எங்கட ரூபா விழுந்ததுதான்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. பிளக்குக்கு இழுக்கிற 7/0.67 வயர், அதாவது 0.67 மில்லிமீற்றர் தடிப்பில ஏழு கம்பி உள்ளது, 100 மீற்றர் ரோலில செம்பு 2.2 கிலோ அளவிலதான் இருக்கு. 2025 டிசம்பரில தொன் 12,000 டொலர் தாண்டினது, அந்த விலையில கிலோ 12 டொலர், டொலரை 300 ரூபா எண்டு வைச்சா ஒரு ரோலுக்குள்ள கிடக்கிற செம்பு 7,900 ரூபா. மிச்சம் நீங்கள் குடுக்கிறது பிளாஸ்டிக்குக்கு, கொம்பனிக்கு, வரிக்கு, கடைக்காரருக்கு. செம்பு நூற்றுக்கு இருபது ஏறினாலும் உங்கட ரோலில கூடுறது 1,600 ரூபா அளவு. அதையும் பழைய இரும்புக்காரர் முழுசாத் தரமாட்டார், கடைக்காரரும் பில் இல்லாத ரோலைத் திருப்பி எடுக்கமாட்டார். இறங்கவும் செய்யும், 2024 மேயில 11,000 தாண்டினது ஓகஸ்டில 9,000க்குக் கீழ நிண்டது.

கேள்வி (மாங்குளம்): வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பின்னால ரெண்டு அறை இறக்கிறம், பூச்சு முடிய ஆறு மாசம் ஆகும். வயரை இப்பவே எடுக்கவோ?

பதில்: ஓம் அக்கா, எடுங்கோ. உங்கட சுவருக்குள்ள போற வயர் எண்டா முந்தி எடுக்கிறது புத்தி. முதல் வயர்மேனைக் கூப்பிட்டு லைட்டுக்கு 1/1.13 எவ்வளவு, பிளக்குக்கு 7/0.67 எவ்வளவு எண்டு அளந்து எழுதி எடுங்கோ, எர்த் வயரையும் மறக்காதேங்கோ. தகரக் கூரைக்குக் கீழ பரணில மட்டும் வைக்காதேங்கோ. நான் ஒருக்கா அப்பிடி ரெண்டு ரோல் வைச்சன், எடுக்கேக்க ஒண்டில சாண் ஒண்டுக்கு ஒருக்கா எலி கடிச்சுச் செம்பு வெளிய தெரிஞ்சது, முழு ரோலும் போச்சு. மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில போட்டு நிழலில வையுங்கோ.

கேள்வி (மல்லாவி): ஒரு இடத்தில ரோல் பாதி விலைக்குத் தாறாங்கள். செம்பு எண்டுதான் சொல்லுறாங்கள்.

பதில்: ஒரு விரல் நீளம் தோலை உரிச்சு, ஒரு கம்பியை எடுத்து பிளேட்டால சுரண்டிப் பாருங்கோ. நல்ல செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புத்தான். உள்ளுக்கு வெள்ளை தெரிஞ்சா அது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. தூக்கிப் பார்த்தாலும் விளங்கும், அலுமினியம் செம்பின்ர மூண்டில ஒரு பங்கு பாரமும் இல்லை. அந்த வயர் அதே கரண்டைத் தாங்காது, பிளக் முனையில இளகிச் சூடேறும், கேத்திலைப் போட்டுப் போட்டு கறுத்து உருகின பிளக் எத்தினையை நான் கழட்டியிருக்கிறன். எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை பார்த்து, பில்லோட வாங்குங்கோ.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கரண்ட் சபை போஸ்டில இருந்து இழுக்கிறதே அலுமினியம்தானே, நாங்கள் வீட்டுக்க போட்டா என்ன?

பதில்: அவை அதுக்கேத்த தடிப்பில போட்டு, அதுக்கெண்டு உள்ள கிளிப்பால இறுக்குகினம். எங்கட பிளக், சுவிட்ச் முனை செம்புக்குச் செய்தது. வேண்டாம்.

கேள்வி (கனகராயன்குளம்): கிணத்தடி மோட்டர் வயரை இரவில வெட்டிக்கொண்டு போட்டாங்கள். பழைய வயரை எரிச்சு விக்கிற பெடியள் ஊருக்க கூடிட்டாங்கள்.

பதில்: புது வயரைக் குழாய்க்குள்ள போட்டு ரெண்டடி ஆழத்தில தாழுங்கோ, மோட்டர் நம்பரைப் படம் எடுத்து வையுங்கோ, பொலிசில முறைப்பாடும் போடுங்கோ. எரிக்கிற பெடியளின்ர தாய் தேப்பனுக்குச் சொல்லுறன், அந்தப் புகையில அமில வாயுவும் டயொக்சின் எண்ட நஞ்சும் இருக்கு, நெஞ்சைத் தின்னும். எரிச்ச செம்புக்கு விலையும் குறைவு, கத்தியால உரிச்சா கூடக் கிடைக்கும்.

இன்னொண்டு, இது யாரும் கேக்கேல்ல, ஆனாச் சொல்லாம விடேலாது. சண்டைக் காலத்து ஷெல்லில செம்பு வளையம் இருக்கு எண்டு காட்டுக்க தேடிப் போற பிள்ளையள் இருக்கினம். வெடிச்ச கோது, வெடிக்காதது எண்டு உங்களால பிரிச்சுப் பார்க்கேலாது. தொடாதேங்கோ, தட்டாதேங்கோ, தடி ஒண்டை நட்டு அடையாளம் வைக்கிறம் எண்டுகூடக் கிட்டப் போகாதேங்கோ. வந்த வழியால திரும்பி வந்து 119க்கு அடியுங்கோ, இல்லாட்டி கிராம சேவகரிட்டச் சொல்லுங்கோ.