யானைமலைக்கு எந்தக் கோடு?

கேள்வி: சீன முறையில் யானைமலையை வரைய 'ரைஸ் பேப்பர்' வாங்கினேன். தூரிகை பட்ட இடமெல்லாம் மை ஊறித் திட்டாகிவிடுகிறது. தாள் மட்டமா, மை மட்டமா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: இரண்டுமே மட்டமில்லை. இந்தத் தாளில் பசை பூசாதது, படிகாரமும் பசையும் பூசியது என இரண்டு வகை உண்டு. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூசியது, உடனே உறிஞ்சினால் பூசாதது. உங்களுடையது பூசாதது. ஈர மலையையும் மூட்டத்தையும் காட்ட அதைவிட நல்ல தாள் கிடையாது. ஆனால் தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மையைத் தொட்டதும் நேரே தாளுக்குப் போகாதீர்கள். தட்டின் விளிம்பில் வழித்துவிட்டு, தூரிகையின் அடிமயிரைப் பழந்துணியில் ஒற்றுங்கள். தண்ணீர் அங்கேதான் தங்கியிருந்து, கோடு பாதியில் இருக்கும்போது இறங்கி வரும். கை தயங்கி நின்ற இடத்திலும் குளம் கட்டும். தாளுக்கு அடியில் செய்தித்தாள் வேண்டாம், ஈரத்தில் அச்சு மை ஒட்டும். பழைய கம்பளி விரியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நீர்த்த மை பூசிய இடத்தில் ஓரம் முந்திக் காய்ந்து வரப்புப் போல நிற்கும்.

மைக்குச்சியைக் கல்லில் அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு, நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். குச்சி போன தடம் உடனே மூடிக்கொள்ளாமல் சற்று நின்றால் பதம். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். புகைக்கரியை விலங்குப் பசையில் பிசைந்ததுதான் இந்த மை. சித்திரை வெயிலில் ஒரே ராத்திரியில் பசை கெட்டு நாறும். கெட்ட மையில் வரைந்த படம், பின்தாள் ஒட்ட நனைத்ததும் கரைந்து வழியும்.

கேள்வி: நம் ஊர்ப் பாறைக்கு எந்தக் கோடு பொருந்தும்?
– வாசகர், கீழக்குயில்குடி

பதில்: மலையின் தோலைக் காட்டும் கோட்டைச் சீனர்கள் 'ட்சுன்' என்பார்கள். பழைய சீன ஓவியர் ஹுவாங் கோங்வாங்கின் மண்குன்றுகளில் இருப்பது நார் பிரித்தாற்போன்ற நீளக்கோடு. மா யுவான், ஷியா குய் ஆகிய ஓவியர்களின் செங்குத்துப் பாறைகளில் தூரிகையைச் சாய்த்து இழுத்த கோடாலி வெட்டு. சமணர் மலையும் யானைமலையும் வழுவழுத்த ஒற்றைப் பாறைகள். நார்க்கோடு போட்டால் மண்மேடாகிவிடும். வெளிவரையை ஒரே மூச்சில் இழுங்கள். வயிற்றுப்பகுதிக்குக் காய்ந்த தூரிகையைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மழைநீர் இறங்கிய கறைகளை நீர்த்த மையில் மேலிருந்து கீழாக விடுங்கள். கோடாலி வெட்டு விரிசல்களுக்கு மட்டும்.

கேள்வி: சீனர்களின் நீளச் சுருள் ஓவியத்தைச் சுவரில் மாட்டலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: கூடாது. அது மேசையில் வைத்துப் பார்ப்பது. இடக்கையால் விரித்து, வலக்கையால் சுருட்டிக்கொண்டே, வலமிருந்து இடமாக இரண்டடி இரண்டடியாகப் போக வேண்டும். ஹுவாங் கோங்வாங்கின் ஃபூச்சுன் மலைச் சுருளை 1650இல் அதன் உடைமையாளர் தீயிலிட்டார். உறவினர் ஒருவர் பிடுங்கி எடுத்தும் அது இரண்டாகிவிட்டது. தைபேயில் இருக்கும் பெரிய துண்டு ஆறு மீட்டருக்கு மேல் நீளம். சீனாவின் சேஜியாங் மாகாணத்தில் இருக்கும் துண்டு அரை மீட்டர்தான். ஆனாலும் அது தனிப் படமாக நிற்கிறது. விரித்த இரண்டடியும் தன்னளவில் நிறைந்திருப்பதுதான் சுருளின் கலை. அதனால் நீங்கள் வரையும்போதும் ஒரு மலை முடிந்து அடுத்தது தொடங்குமுன் தாளை வெறுமையாக விடுங்கள். வெறும் தாளே அங்கே ஆறாகும். அதன் இடக்கரையில் ஒரு படகோ பாதையோ தெரிந்தால், பார்ப்பவர் கை தானாக அடுத்த பகுதியை விரிக்கும்.