துறவு அல்ல, வழக்கு

வணக்கம்.

பிரிட்டனின் தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிரபு வீட்டுப் பிள்ளை. வைகவுன்ட் என்ற பரம்பரைப் பிரபுப் பட்டத்தைத் தூக்கியெறிந்துவிட்டு மக்களிடம் வந்தவர். சித்தார்த்தன் அரண்மனையை விட்டு வெளியேறிய காட்சிதான் நினைவுக்கு வந்தது. சிறுவயதில் காந்தியைப் பார்த்திருக்கிறார் என்கிறார்கள், அது காரணமாக இருக்குமா? அவருடைய டைரிகள் பல தொகுதிகளாக இருக்கின்றன. எதில் தொடங்கலாம்?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

சித்தார்த்தனை எதற்கு இழுத்தீர்கள்? நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் எந்த அரசியல்வாதியைப் பற்றிப் பேசினாலும் உடனே காவி கட்டிவிடும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக வந்து மாட்டிக்கொண்டது.

பென் எதையும் துறந்துவிட்டு மக்களிடம் வரவில்லை. 1950 நவம்பரிலிருந்தே அவர் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் உறுப்பினர், ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் விட்டுப்போன இடத்தில். பிரபுப் பட்டம் வந்தவர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் காமன்ஸ் சபையில் இருக்க முடியாது என்பது அன்றைய சட்டம். தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பட்டத்தோடு சண்டை போட்டார். அரண்மனையை விட்டு வெளியேறிய கதை இல்லை இது. இருந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர் கதவை உடைத்துத் திரும்பி வந்த கதை.

அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரி. 1942இல் ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் ஆனார். வாரிசு மூத்த மகன் மைக்கேல். அவர் விமானப்படையில் இருந்து 1944இல் இறந்தார். பட்டம் அடுத்த மகனான டோனி பென் பக்கம் திரும்பியது. அப்பா உயிரோடு இருக்கும்வரை தொல்லை இல்லை. வாரிசு காமன்ஸ் சபையில் தாராளமாக உட்காரலாம். பின்னால் பிரதமரான அலெக் டக்ளஸ் ஹோம்கூட டங்ளாஸ் பிரபு என்ற பெயரோடு அங்கே பல வருடம் இருந்தவர்தான். அது வெறும் மரியாதைப் பெயர், சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன். அப்பா கண்ணை மூடிய நொடியில்தான் நிஜப் பட்டம் வந்து விழும். வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பென் இதை முன்கூட்டியே உணர்ந்து, 1955இல் தனக்காகவே ஒரு தனி மசோதாவை முயன்று பார்த்தார். எடுபடவில்லை. 1960 நவம்பர் 17 அன்று அப்பா இறந்தார். தொகுதி காலி என்றாகிவிட்டது.

இங்கேதான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். பென்னின் வாதம் உணர்ச்சி வாதமே இல்லை, சுத்தமான சட்ட வாதம். பிரபுக்கள் சபையில் உட்கார வேண்டுமென்றால் ஓர் அழைப்பாணையைக் கேட்டு வாங்க வேண்டும். 'அதை நான் கேட்கவுமில்லை, வாங்கவுமில்லை. காமன்ஸுக்குத் தகுதியில்லாமல் ஆக்குவது அந்த அழைப்பாணைதான், பட்டம் இல்லை' என்பது அவர் வாதம். சபையின் உரிமைக் குழு ஏற்கவில்லை. 1961 மே 4 அன்று இடைத்தேர்தல். சட்டப்படி நிற்கத் தகுதியில்லாதவர் நின்றார். அவருக்குப் போடும் ஓட்டு வீண் என்று வாக்குச்சாவடி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டே மக்கள் உள்ளே போய்ப் போட்டார்கள்: பென்னுக்கு 23,275, கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231.

மே 8 அன்று சபைக்குப் போனார். வாயிற்காவலர் தடுத்துவிட்டார். 13,044 ஓட்டு வித்தியாசம் அந்த வாசலோடு சரி.

பிறகு தேர்தல் வழக்கு. இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். தீர்ப்பின் சாரம்: பிரபுப் பட்டம் ரத்தத்தோடு ஒட்டியது, அழைப்பாணை வந்தாலும் வராவிட்டாலும் தகுதியிழப்பு உண்டு. அந்த அறிவிப்பு ஏன் ஒட்டப்பட்டது என்பதும் இப்போது புரியும். தகுதிக் குறைவு தெரிந்தே போடப்பட்ட ஓட்டு செல்லாத ஓட்டு. அறிவிப்பு இல்லாவிட்டால் மறுதேர்தலாவது கேட்கலாம். இருந்ததால் தோற்றவரே உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். வேடிக்கை என்னவென்றால், செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசு வரிசையில் நின்றவர்.

இவ்வளவு நடந்த பிறகுதான் சட்டம் அசைந்தது. 1963ஆம் வருட பிரபுப் பட்டச் சட்டம். பட்டம் வந்தவர் 12 மாதத்துக்குள் துறப்புப் பத்திரம் எழுதி லார்ட் சான்சலர் என்ற மந்திரியிடம் கொடுக்க வேண்டும். அன்றைய சட்டப்படி காமன்ஸ் உறுப்பினராக இருந்தால் ஒரே மாதம்தான் கெடு, அந்த மாதத்தில் சபையில் உட்காரவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது என்று இருந்தது. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. மனைவியின் பட்டமும் சேர்ந்து போகும். ஆனால் பட்டம் சாகாது, அவர் ஆயுளுக்கு மட்டும் தூங்கும். ஜூலை 31, மாலை 6 மணிக்கு அரச ஒப்புதல். 6.22க்கு பென் பத்திரத்தைக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு நிமிஷம்! போதி மரத்தடியில் உட்கார எங்கே நேரம்? சட்டம் மாறினால் விலகுவதாகச் சொன்ன செயின்ட் கிளேர் சொல் தவறாமல் விலகிக்கொண்டார், அவரை மெச்ச வேண்டும். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் பென் திரும்பவும் உறுப்பினர்.

இதில் அதிகம் லாபம் அடைந்தது யார் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா? அரசாங்கத்தின் மசோதாப்படி சட்டம் அடுத்த பொதுத்தேர்தலின்போதுதான் அமலுக்கு வந்திருக்கும். உடனே அமலாக வேண்டும் என்று திருத்தியது பிரபுக்கள் சபையேதான். அக்டோபரில் மேக்மில்லன் உடம்பு முடியாமல் பிரதமர் பதவியை விட்டார். ஏர்ல் என்ற பிரபுப் பட்டத்தில் பதினான்காமவரான ஹோம் பிரதமரானார், 23ஆம் தேதி பட்டத்தை விட்டார், நவம்பர் 7 அன்று ஸ்காட்லாந்தில் ஓர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். இடைப்பட்ட இரண்டு வாரமும் பிரிட்டன் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை. இடதுசாரி ஒருவர் இடித்துத் திறந்த கதவு வழியாக முதலில் புகுந்த பெரிய ஆள் ஒரு கன்சர்வேடிவ் பிரதமர். ஹோம் 1974இல், வாரிசுக்குப் போகாத ஆயுள்காலப் பிரபுப் பட்டத்தோடு, பிரபுக்கள் சபைக்குத் திரும்பியும் போனார். இவரையும் துறவி என்பீர்களா?

காந்தி விஷயம்: 1931இல் பார்த்திருக்கிறார், அப்போது வயது ஆறு. அதை விட்டுவிடுங்கள்.

பட்டம் தூங்கும் என்றேன் அல்லவா. 2014 மார்ச்சில் பென் இறந்ததும் அது விழித்துக்கொண்டது. மூத்த மகன் ஸ்டீபன் மூன்றாம் ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட். 2021இல் பிரபுக்கள் சபைக்கும் போய்விட்டார், தொழிற்கட்சிக்காரராகவே.

டைரி கேட்டீர்கள், மறந்தே போனேன். 1963இல் தொடங்கும் தொகுதிதான் முதலில் அச்சானது, எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். நீங்கள் 1940 முதல் 1962 வரையுள்ள தொகுதியை வாங்கி, 1960 நவம்பரிலிருந்து படியுங்கள். சித்தார்த்தனை மூடி வைத்துவிட்டு.