ஜோனியின் இடது கை

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. கொஞ்சம் கிதார் வாசிப்பேன். அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தால் டைரி மாதிரிதான் வருகிறது. அவருடைய ஸ்கூட்டர் சாவி இன்னும் ஆணியிலேயே தொங்குகிறது. பாடகி ஜோனி மிட்செலைக் கேட்கும்போது பொறாமையாக இருக்கிறது. துக்கம் தானாகவே பாட்டாகும் என்கிறார்களே, எனக்கு ஏன் ஆகவில்லை?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தானாக யாருக்கும் ஆகாது. ஜோனிக்கும் ஆகவில்லை.

கனடாவின் சஸ்காச்சுவானில் வளர்ந்த பெண். ஒன்பது வயதில் போலியோ வந்தது. பின்னாளில் கிதாரைக் கையில் எடுத்தபோது, எல்லோரும் பிடிக்கிற கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளை, பிடிக்க இடது கைக்கு வலு போதவில்லை. அதனால் தந்திகளின் சுருதியையே மாற்றிக்கொண்டார். விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு கார்டு ஒலிக்கும்படி ட்யூன் செய்துவிட்டால் இடது கைக்கு வேலை குறைவு. இப்படி ஐம்பது விதம் வரை உண்டாக்கினார் என்பார்கள். அவர் பாட்டில் கார்டுகள் முடிவுக்கு வராமல் தொங்குகின்றனவே, அதில் பாதி இந்த ட்யூனிங்கின் வேலை. போலியோ ஒரு வழியை அடைத்தது, அவ்வளவுதான். இன்னொரு வழியை, கிதாரின் சுருதிச் சாவிகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கண்டுபிடித்தது அவர்.

அப்புறம் ‘லிட்டில் கிரீன்’ என்ற பாட்டு. 1965இல் டொரன்டோவில் ஜோனிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணம் ஆகவில்லை, கையில் காசில்லை, தத்துக் கொடுத்துவிட்டார். பாட்டை எழுதிச் சில வருடம் கழித்து, 1971இல்தான் ‘புளூ’ ஆல்பத்தில் சேர்த்தார். அதில் ‘என் குழந்தையைக் கொடுத்துவிட்டேன்’ என்று எங்கும் கிடையாது. ஒரு பச்சை நிறம், வசந்தத்தில் பூக்கும் குரோக்கஸ், பிறந்தநாள் உடுப்பு. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது ஒரே ஒரு வரியில் வந்து போகும். குழந்தைக்கு அவர் வைத்த பெயரே ஒரு வகைப் பச்சையின் பெயர்தான். விஷயம் வெளியே தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பாட்டைக் கேட்டு உருகியவர்களுக்குக் கதை தெரியாது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். 1997இல் மகளைச் சந்தித்தார்.

2015இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்த பிறகு, தான் வாசித்த பழைய வீடியோக்களைப் பார்த்துத்தான் விரல் வைக்கும் இடங்களைத் திரும்பக் கற்றுக்கொண்டாராம். 2022இல் அமெரிக்காவின் நியூபோர்ட் இசை விழா மேடையில் கிதார் வாசித்தார். தன் கையிடமே பாடம் கேட்டிருக்கிறார், பாருங்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன். டைரி எழுதுவதில் தப்பில்லை, எழுதித் தள்ளுங்கள். ஆனால் கடிதத்தில் சாவியைப் பற்றிச் சொல்லிவிட்டு உடனே தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஸ்கூட்டரை இப்போது யாராவது ஓட்டுகிறார்களா?